சித்தப்பா குடிக்காத சாராயம்

“உங்க ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் இந்த மாதிரிப் பழக்கம் ஏதும் இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

என் அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தார் டாக்டர். குடிப்பார்,” என்றான்.

திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவரின் அறை அது. நாங்கள் அழைத்துப் போயிருந்தது அண்ணன் மகனை. பையன் கெட்டிக்காரன், கல்யாணமானவன். பொறியியல் படித்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்து, வீட்டிலிருந்தே சம்பளம் வாங்கி, அதை வீட்டிலிருந்தே செல்போன் ரம்மியில் விட்டுக்கொண்டிருந்தான். வாசற்படியைத் தாண்டாமல் ஒருவன் கெட்டுப்போக முடியும் என்பதை அண்ணனால் இன்னும் நம்ப முடியவில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம், நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவள். எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பல்வலி என்றாலும் பட்டா மாறுதல் என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் தெரியாது என்று இதுவரை சொன்னதில்லை.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி ஆடுகிறானா, ஆடியதை மறைக்கிறானா, நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த அண்ணன் கடைசியில் மகனுக்கு ஒரு நற்சான்றிதழும் கொடுத்தான்: “ஆனா ஒண்ணு டாக்டர், இவன் பீருகூடத் தொட மாட்டான். நான் டெய்லி வாயை மோந்து பாக்குறேன்.”

டாக்டரின் பேனா நின்றது. எனக்கு மூக்கு நுனி கூசியது. காரணம் இருக்கிறது.

“சித்தப்பா குடிக்கவே மாட்டார் டாக்டர்,” என்றேன். “ஒரு சொட்டுக்கூட.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஞானஸ்நானத்தையே மறுதலித்துவிட்டது போன்ற அதிர்ச்சி தெரிந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. அது நடந்தபோது அவன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்தது குடும்பத்தார் திருத்தி வெளியிட்ட பதிப்பு. நான் கூடவே இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, வேலையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. அப்பா, கிறிஸ்தவ சபை நடத்திய தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர். அவருடைய தம்பியான சித்தப்பா நூற்பாலை அலுவலகத்தில் எழுத்தர். கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பார், பாடுவார். பெரிய வெள்ளியன்று அவர் பாட ஆரம்பித்தால், ஆண்டவர் பாடுபட்டதே இவர் பாடுவதற்காகத்தானோ என்று தோன்றும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது. குரலுக்காக அதிமதுரம் ஒரு துண்டு எப்போதும் வாயில் இருக்கும். எங்கள் தெருவில் பெண் வைத்திருப்பவர்கள் எல்லாம் இவர் மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைக்க வேண்டும் என்றுதான் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கிடைத்தது சித்திக்கு. அவள் பழனிப் பக்கம் கீரனூர்க்காரி.

கல்யாணமாகிச் சில வருடங்களில் அவர்கள் வீட்டுச் சாமான்களுக்குக் கால் முளைத்தது. முதலில் ரேடியோ ரிப்பேருக்குப் போனது. அப்புறம் சைக்கிள் ரிப்பேருக்குப் போனது. சுவர்க் கடிகாரம் போனது. கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா போனபோதுதான், அண்டாவில் ரிப்பேர் ஆவதற்கு என்ன இருக்கிறது என்று என் அம்மா யோசித்தாள். கடைசியாகச் சித்தியின் தையல் மிஷின் போயிற்று. அது போன மறுநாள் சித்தி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா துப்பறியும் நாவல்கள் நிறையப் படிப்பவர். குற்றம் நடந்த இடத்துக்குப் போகாமலேயே குற்றவாளியைப் பிடிக்கும் முறை அவருக்குப் பிடிக்கும்.

“ஒரு ஆம்பளை வீட்டுச் சாமானை வெளிய தூக்குறான்னா ரெண்டே காரணம்தான்,” என்று அம்மாவிடம் விளக்கினார். “ஒண்ணு குடி. இன்னொண்ணு…” என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த இன்னொன்று இல்லை என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள். ஆகவே குடி.

ஆனால் சித்தப்பாவிடம் வாடை வரவில்லையே. இங்குதான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. சித்தப்பாவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். பார்த்தவுடன் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைப்பார். தம்பியின் வாயைத் தான் போய் மோந்து பார்ப்பது தலைமை ஆசிரியருக்கு அழகில்லை என்பதால், அந்த வேலை எனக்கு வந்தது. அவர் இறக்கிவிட்டதும் நான் அடுப்படிக்கு ஓடி அறிக்கை கொடுக்க வேண்டும்.

“என்ன வாடை?”

“பவுடரு. அப்புறம் அதிமதுரம்.”

“வேற?”

“தேங்காண்ணெய்.”

அம்மா அப்பாவிடம் போய்ச் சொல்வாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “அதிமதுரம் எதுக்குத் திங்கிறான்? வாடையை மறைக்கத்தான்,” என்பார். ஒரு மனிதன் குடிக்கவில்லை என்பதற்கு எத்தனை சாட்சி கிடைத்ததோ அத்தனையும் அவன் எவ்வளவு தந்திரமாகக் குடிக்கிறான் என்பதற்கான சாட்சியாக எங்கள் வீட்டில் மாறிக்கொண்டிருந்தது.

சித்தி இந்த விசாரணையைப் பார்த்து ஒருவிதமாகச் சிரிப்பாள். “ஏங்கண்ணு, உங்க சித்தப்பன் இன்னைக்கு என்ன பூவு?” என்று கேட்பாள். “மல்லியா, மரிக்கொழுந்தா?” எனக்கு அது கேலி என்றுகூடத் தெரியாது. மரிக்கொழுந்து இல்லை சித்தி, பவுடர் என்று மெனக்கெட்டுத் திருத்துவேன்.

அவள் உண்மையை வந்த அன்றே சொல்லிவிட்டாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் மருமகள் புருஷனுடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்தில் இருந்தால் அவள் அடுப்படியில் நிற்க வேண்டும். எதைச் சொல்வதானாலும் என் அம்மா வழியாகத்தான் சொல்ல வேண்டும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்தான். சித்தி பேசுவது அப்பா காதில் அப்படியே விழும். ஆனாலும் அம்மா போய்ச் சொன்னால்தான் அது விழுந்ததாகக் கணக்கு.

“அவரு குடிக்கறதில்லீங்க்கா,” என்றாள் சித்தி. “சீட்டாடறாருங்க. லாரி செட்டுக்குப் பின்னாடி ரூம்ல உக்காந்தா எந்திரிக்கறதே இல்லீங்க. செயிச்சாலும் எந்திரிக்கறதில்ல, தோத்தாலும் எந்திரிக்கறதில்ல. சோறு தண்ணி மறந்துருதுங்க. ஆடாத அன்னைக்கு என்னைய மொகங்குடுத்துப் பாக்க மாட்டேங்கறாரு. அது ஒரு நோவுங்க்கா.”

அம்மா கூடத்துக்கு வந்து இதை இப்படி மொழிபெயர்த்தாள்: “அவ புருசனை விட்டுக்குடுக்க மாட்டேங்குறா.”

அம்மா பொய் சொன்னதாக நினைக்கக் கூடாது. சீட்டு ஒரு நோய் என்ற வாக்கியம் அவள் காதில் பொருளோடு நுழைந்திருக்காது. எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்களில் சீட்டு யார்தான் ஆடவில்லை? கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பாவே கூடத்தில் பாய் விரித்து ஆடுவார். சாவு வீட்டில் பிணத்துக்குத் துணையிருக்கிற ஆண்கள் விடிய விடிய ஆடுவார்கள். ஆடாதவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நோய் என்றால் இருமல் இருக்க வேண்டும். கெட்ட பழக்கம் என்றால் வாடை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒன்றை அம்மா எப்படி மொழிபெயர்ப்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா நேரடியாகவே கேட்டுவிட்டார். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சித்தப்பாவை உட்கார வைத்து, “ஏலே, மறைக்காமச் சொல்லு. குடிக்கிறியா?” என்றார்.

சித்தப்பா படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கையில் நல்ல சீட்டு இல்லாதவர்கள் அப்படித்தான் நேரம் எடுப்பார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாண்ணே,” என்றார்.

அப்பாவின் முகத்தில் அன்று கண்ட நிம்மதியை என் பரீட்சை முடிவுகள் எதற்கும் நான் கண்டதில்லை. எழுந்து போய்த் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுக் காபி போடப் போனாள். குடிகாரன் என்றால் ஊருக்கு வழி தெரியும். சபிக்கத் தெரியும், அழத் தெரியும், திருத்தி அழைத்துவரத் தெரியும். அந்த வீட்டில் அவமானப்பட்டு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சித்தி. இன்னொருத்தி நான். இத்தனை நாள் பவுடர் என்றும் தேங்காயெண்ணெய் என்றும் நாணயமாக உழைத்த மூக்கு ஒரே வார்த்தையில் பொய்யாகிப் போனதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சித்தி அடுப்படியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “அக்கா, இல்லாத நோவுக்கு மருந்து குடுத்து இவரைக் கூட்டியாந்தீங்கன்னா நான் அந்த ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்க மாட்டனுங்க. எங்கம்மா ஊட்டுக்குக் கீரனூருக்கே போயிருவேன். போனா வர மாட்டேன்.”

“தியானத்துக்குப் போயிட்டு வரட்டும். அப்புறம் முடிவு பண்ணிக்கிடலாம்,” என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எனக்கு இதில் புரிந்தது ஒன்றே ஒன்று. சித்தி போய்விடுவாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். என் அம்மா பின்னினால் கோபத்தில் பின்னியதுபோல இருக்கும். சித்தி பின்னினால் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களே திரும்பிப் பார்ப்பார்கள். பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு கீரனூர்க் கதையெல்லாம் சொல்வாள். சித்தப்பா குடியை விட வேண்டும், சித்தி கீரனூருக்குப் போகக் கூடாது என்று நான் செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். இல்லாத குடியை விடவைக்கும்படி மாதாவை அவ்வளவு நச்சரித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ரெட்டியார்சத்திரம் தாண்டித் தென்னந்தோப்புக்குள் ஒரு தியான இல்லம் இருந்தது. குடிப்பவர்களுக்கு மட்டும் அங்கே ஒரு வாரத் தியானம் நடத்துவார்கள். காலையில் பூசை, பகலெல்லாம் பிரசங்கம், சாயங்காலம் தோட்ட வேலை. கை நடுங்குகிறவர்களுக்கு நர்ஸ் படித்த ஒரு சிஸ்டர் குளுக்கோஸ் ஏற்றி மாத்திரை கொடுப்பார். கடைசி நாளில் குடும்பத்தார் வர வேண்டும். அவர்கள் முன்னிலையில் ஒவ்வொருவரும் வேதாகமத்தில் கை வைத்து, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதன் பிறகு சாப்பாடு.

கடைசி நாளில் நாங்கள் போய் இறங்கியபோது சாமியார் வாசலிலேயே நின்று வரவேற்றார். பெரிய உருவம், நல்ல மனுஷர். “வாங்க சார், வாங்க. நான் இம்புட்டு வருசமா தியானம் நடத்துறேன். ஒவ்வொரு தடவையும் பாதிப் பேரு செவுரேறிக் குதிச்சு ஓடிருவாங்க. இந்தத் தடவை ஒருத்தன் ஓடல. அம்புட்டுப் பேரும் பிரசங்கத்தை வாயப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான். உங்க தம்பி வந்த ராசி,” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்த ராசி எப்படி வேலை செய்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தோப்பு நிழலில் குடும்பங்கள் அவரவர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தன. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் வெறுங்காலோடு தத்தித் தத்தித் தன் மனைவியிடம் வந்தார்.

“செருப்பு எங்கய்யா? புதுச் செருப்பு.”

“உள்ள கெடக்கு.”

“எடுத்துப் போட வேண்டியதானே.”

“அது இப்ப என் செருப்பு இல்ல.”

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப நீ யாரு, அதாச்சும் தெரியுமா?”

இன்னொருவர் துண்டு இல்லாமல் இருந்தார். வேறொருவர் முகமெல்லாம் சோப்புப் படாத எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தார். எல்லோரும் சித்தப்பாவைக் கடந்து போகும்போது அவருக்குத் தனி மரியாதையாக ஒரு வணக்கம் போட்டார்கள். சித்தப்பா ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். என்னைத் தூக்கிக் கன்னத்தில் கன்னம் வைத்தார். பழக்க தோஷத்தில் மோந்து பார்த்தேன். நாலைந்து வகைச் சோப்பு வாசனை ஒன்றாக வந்தது.

நர்ஸ் சிஸ்டர் அப்பாவையும் அம்மாவையும் சித்தியையும் தன் அறைக்குள் அழைத்துப்போனார். என் உள்ளங்கையில் குளுக்கோஸ் பவுடரைக் கொட்டி ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். நக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

“உங்க தம்பிக்குக் கை நடுங்கல,” என்றார் சிஸ்டர். “வேர்க்கல. வாந்தி இல்ல. முதல் நாளே வயிறு நிறையச் சாப்பிட்டு நல்லாத் தூங்குனாரு. குடிக்கிறவங்களுக்கு இது நடக்காது சார். அவரு குடிக்கிறவரு இல்ல.”

“அவனே ஒத்துக்கிட்டானே சிஸ்டர்.”

“ஒத்துக்கிட்டாரு. ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேளுங்க. இங்க வந்த ரெண்டாம் நாளே பந்தயம் ஆரம்பிச்சாச்சு. ஃபாதர் பிரசங்கத்துல ‘ஆகவே அன்பானவர்களே’ன்னு எத்தனை தடவை சொல்லுவாருன்னு பந்தயம். பாவசங்கீர்த்தனத்துல யாரு முதல்ல அழுவாங்கன்னு பந்தயம். சீட்டு இல்லைன்னா என்ன, தேங்கா எந்தப் பக்கம் விழும்னு பந்தயம். ஆளுங்க சோப்பு, துண்டு, செருப்பு எல்லாத்தையும் தோத்தாச்சு. ஃபாதருக்கு இன்னும் தெரியாது. வாயப் பாத்துட்டு உக்காந்துருக்காங்கன்னு சந்தோசப்படுறாரு. எண்ணிக்கிட்டு உக்காந்துருக்காங்க.”

நான் உள்ளங்கையின் ஓரங்களை நக்கினேன்.

“நான் கூப்புட்டுக் கேட்டேன்,” என்று சிஸ்டர் தொடர்ந்தார். “நிப்பாட்ட முடியல சிஸ்டர்னு அழுதாரு. வேணும்னு செய்யல. இதுவும் குடி மாதிரி ஒரு நோய்தான், வாடைதான் வராது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காரு. எனக்குத் தெரிஞ்சவரு. நானே கூட வாரேன். சம்பளத்தைக் கொஞ்ச நாளைக்கு அவங்க வீட்டம்மா கையில குடுக்கச் சொல்லுங்க. அந்த லாரி செட்டுப் பக்கம் போகாம ஒரு ஆளு கூட இருக்கணும். குணமாகும்.”

“மனநல டாக்டர்னா…” என்று அப்பா இழுத்தார். “பைத்தியத்துக்குப் பாக்குறவரா?”

“எல்லாத்துக்கும் பாக்குறவரு.”

“ஊருக்கு அப்படித் தெரியாதுல்ல சிஸ்டர். எங்க குடும்பத்துல இன்னும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது. பொண்ணோட அண்ணன் குடிச்சான், திருந்திட்டான்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான். பைத்தியம்னா வாசல்ல கால் வைக்க மாட்டான்.” அப்பா பேசும்போது தெளிவாகப் பேசுவார். பள்ளி ஆய்வாளர்களே அவர் பேச்சில் மயங்குவார்கள். “இப்போதைக்குக் குடின்னே இருக்கட்டும். சத்தியம் பண்ணட்டும். ஆண்டவர் மேல சத்தியம் பண்ணுனவன் மத்தத விடாமயா போயிருவான்?”

சித்தி வாய் திறக்கவில்லை. திறக்க அவளுக்கு உரிமையில்லை. எதிரிலேயே புருஷனுடைய அண்ணன் இருந்தார். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா அதை மொழிபெயர்க்கவே இல்லை.

சிற்றாலயத்தில் சத்தியம் ஆரம்பமானது. ஒவ்வொருவராகப் பீடத்துக்கு முன்னால் போய், சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். சிலருக்கு நாக்குக் குழறியது. வழுக்கைத் தலைக்காரர் பாதியில் அழுதுவிட்டார். யாரோ இருவர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அதன் மேலும் பந்தயம் இருந்திருக்கும்.

சித்தப்பாவின் முறை வந்தது. வேதாகமத்தின் மேல் கை வைத்து, பெரிய வெள்ளிக் குரலில், இனி என் வாழ்நாளில் மதுவைத் தொடமாட்டேன் என்று சொன்னார். கூரையில் இருந்த புறா எழுந்து பறந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் தன் சத்தியத்தைக் கட்டாயம் காப்பாற்றப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

சாமியார் அவர் கழுத்தில் செபமாலை போடக் கையைத் தூக்கினார். அப்போதுதான் சித்தி எழுந்து நின்றாள்.

“சாமி,” என்றாள். அப்பா பக்கத்து வரிசையில் இருந்தார். அவர் இருக்குமிடத்தில் அவள் குரல் அதற்கு முன் கேட்டதேயில்லை. “அதோட, சீட்டுத் தொட மாட்டேன், பந்தயங் கட்ட மாட்டேன்னும் சொல்லச் சொல்லுங்க சாமி. அதத்தான் சொல்லோணும்.”

ஆலயமே திரும்பிப் பார்த்தது. சித்தப்பாவின் கை வேதாகமத்தின் மேலேயே இருந்தது. இந்த முறை உண்மையிலேயே நடுங்கியது. அவர் சித்தியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சாமியார் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இத்தனை வருடங்களில் எவ்வளவோ வசனம் எழுதிப் பார்த்துவிட்டேன். எதுவும் பொருந்தவில்லை.

“சத்தியம் குடிக்கு மட்டும்தாம்மா,” என்றார் சாமியார், மிகவும் கனிவாக. “குடி போச்சுன்னா மத்ததெல்லாம் தன்னால போயிரும். உக்காரு தாயி.” மாலையைப் போட்டார். அப்பா எல்லோருக்கும் முந்திக் கை தட்டினார். சித்தி உட்கார்ந்தாள்.

சாப்பாடு போடும்போது அப்பா அம்மாவிடம், தியானம் முடிந்தது, சத்தியமும் ஆயிற்று, இனி ஒரு பெண் புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனால் ஊர் அவளைத்தான் பேசும் என்றார். இலையில் குனிந்திருந்த சித்தியிடம் அம்மா அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சித்தி, “செரிங்க்கா,” என்றாள். எனக்கு அந்த ரசம் சாதம் அமிர்தமாக இருந்தது. மாதா கேட்டுவிட்டார். சித்தி கீரனூர் போகவில்லை.

சித்தப்பா சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினார். வீடு போயிற்று, வேலை போயிற்று, ஆர்மோனியம் போயிற்று. கோவில் ஆர்மோனியம் அது. எல்லாம் போன பிறகும் ஒரு சொட்டுச் சாராயம் அவர் தொண்டையில் இறங்கவில்லை. சித்தி அவர் வேலை பார்த்த அதே நூற்பாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். மாரடைப்பில் அவர் போனபோது, சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மனுஷன் என்று ஊரே பேசியது. பந்தலில் அதைச் சொல்லிக்கொண்டே சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். நான் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “குடிச்சிருந்தா நல்லா இருந்திருக்குங் கண்ணு,” என்றாள். “விடிஞ்சாத் தெளிஞ்சிருக்கும்.”

அண்ணன் மகன் இப்போது வாரம் தவறாமல் டாக்டரிடம் போகிறான். சம்பளம் அவன் மனைவி கணக்குக்கு நேராகப் போய்விடுகிறது. நடுவில் ஒரு தடவை சறுக்கிவிட்டு, மறைக்காமல் தானே வந்து சொன்னான். அதுவே முன்னேற்றம்தான் என்றார் டாக்டர். இன்னமும் சொந்தக்காரர்கள் கேட்டால் அண்ணன், பையனுக்குக் கழுத்து வலி, அதற்குத்தான் வைத்தியம் என்கிறான். ஒரு தலைமுறைக்குள் நோய் தொண்டையிலிருந்து கழுத்துக்கு வந்திருக்கிறது. தலைக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம்.

தியான இல்லத்தில் சத்தியம் நடந்த அன்று, சாப்பிட்டு முடித்து ரெட்டியார்சத்திரம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பாவும் சித்தப்பாவும் டீக்கடைப் பக்கம் போனார்கள். சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தத்தின் பின்பக்கம் அழைத்துப்போனாள். தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். சிவப்புக் கல் வைத்த தங்கத் தோடு. என் காதிலிருந்த பிளாஸ்டிக் கம்மலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதை எனக்கு மாட்டித் திருகினாள். தன் காது ஓட்டைகளில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்துச் செருகிக்கொண்டாள்.

“எனக்கா சித்தி?”

“காது கனக்குது கண்ணு. கொஞ்ச நாளைக்கு நீ போட்டுக்க. யாரு கேட்டாலும் கழட்டிக் குடுத்தராத.”

“சித்தப்பா கேட்டா?”

“யாரு கேட்டாலும்,” என்றாள்.

சித்தி கீரனூர் போகாமல் நின்றுவிட்டதற்கும், மாதாவிடம் நான் அவ்வளவு மன்றாடியதற்கும் சேர்த்துக் கிடைத்த பரிசு என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். என் அம்மா என் காதுகளைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதுவே பெரிய ஆச்சரியம்.

பஸ்ஸில் ஆண்கள் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பா கழுத்துச் செபமாலையைச் சரிசெய்துகொண்டே திரும்பினார். அவர் பார்வை என் காதில் வந்து நின்றது. “அடேயப்பா, எம்மகளுக்கு என்ன எடுப்பா இருக்கு,” என்று சிரித்தார்.

சித்தி சட்டென்று என் இரட்டைச் சடையை அவிழ்த்தாள். காலையில் அவளே பின்னிய சடை. முடியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு என் காதுகளை மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழகான தோட்டைப் போட்டுவிட்டு யாராவது மூடுவார்களா? திண்டுக்கல் வரும்வரை தலையை ஆட்டி ஆட்டி முடியை விலக்கிக்கொண்டே வந்தேன், சித்தப்பா நன்றாகப் பார்க்கட்டும் என்று.